மாட்சாவுக்குச் சொந்த பிராண்டில் பை அச்சடிக்கும் முன்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அண்ணா நகரில் வீட்டிலிருந்தபடியே சத்துமாவும் மூலிகைப் பொடிகளும் விற்றுவரும் ஒருவர், ஜப்பானிலிருந்து மாட்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூளை வாங்கித் தம் சொந்தப் பெயரில் விற்க நினைக்கிறார். கண்ணாடி ஜாடியா, காகிதப் பையா, தகர டப்பாவா? எத்தனை அடிக்கலாம்? லேபிளில் என்னென்ன போட வேண்டும்? முக்கியமாகக் கேட்டிருப்பது இந்த மூன்றும்தான். சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவதோ வேறொரு கேள்வி: இன்னும் ஒரு பாக்கெட்கூட விற்காத சரக்குக்குப் பேக்கிங்கில் எவ்வளவு பணத்தை முடக்கலாம்? முதல் வருடம் பையின் தரத்துக்குச் செலவழியுங்கள், அச்சுக்குச் செலவழிக்காதீர்கள் என்பது என் பதில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நான் பல படலங்களை ஒட்டிச் செய்யும் லேமினேட் பை தயாரிக்கும் ஆலைகளில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன். இப்போது சிறிய உணவு நிறுவனங்களுக்குப் பேக்கிங் ஆலோசனை சொல்கிறேன். காப்பித் தூள், மசாலா, சிறுதானிய மாவு ஆகியவற்றில் நீண்ட பழக்கம் உண்டு. மாட்சா என் மேசைக்கு வரத் தொடங்கியது அண்மைக்காலத்தில்தான். பொருள் அறிவியலில் உறுதியாகப் பேசுவேன். சட்டத்தில், லேபிள் சரிபார்க்கிற அளவுக்குத் தெரியும். சுங்க விவகாரத்துக்கு நீங்கள் ஒரு முகவரைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். மாட்சாவுக்கான தேயிலைச் செடியை அறுவடைக்கு முன் சுமார் மூன்று வாரம் நிழலில் மூடி வைக்கிறார்கள். அதனால்தான் இலையில் பச்சையம் கூடுகிறது. பறித்த இலையை ஆவியில் வாட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கினால் கிடைப்பது தென்சா. அதைக் கல் திரிகையில் அரைத்தால் மாட்சா. ஒரு திரிகை மணிக்கு 30 முதல் 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். இவ்வளவு மெதுவாக அரைத்து எடுத்த தூளின் துகள்கள் பெரும்பாலும் 20 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கும். இலை முழுசாக இருந்தபோது காற்று பட்டது மேற்பரப்பில் மட்டும். தூளான பிறகு எல்லாமே மேற்பரப்பு. வெளிச்சம், ஆக்சிஜன், ஈரம், வெப்பம் என்ற நான்கும் பச்சையத்தைக் கெடுப்பவை. மே மாத வெயிலும் ஐப்பசி மழையின் ஈரமும் உள்ள ஊரில் நீங்கள் விற்கப்போகிறீர்கள். பச்சை மங்கிக் காய்ந்த வைக்கோல் நிறத்துக்குப் போன மாட்சாவை யாரும் இரண்டாவது முறை வாங்குவதில்லை. அதைக் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, வியாபாரம்தான் போகும்.

ஆகவே கண்ணாடி ஜாடி வேண்டாம். காற்றையும் ஈரத்தையும் கண்ணாடி நன்றாகத் தடுக்கும். வெளிச்சத்தை அப்படியே உள்ளே விடும். கடை அலமாரியில் டியூப் லைட்டின் கீழே இரண்டு வாரம் நின்றால் ஜாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூள் வெளுத்து, நடுவில் இருப்பது பச்சையாகவே இருக்கும். வாடிக்கையாளர் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த ஓரம்தான். சன்னல் வைத்த காகிதப் பைக்கும் இதே கதிதான். சன்னல் இல்லாத கிராஃப்ட் பையாக, அதாவது பழுப்புக் காகிதப் பையாக இருந்தால், உள்ளே அலுமினிய ஃபாயில் அடுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் காகிதமும் பாலிதீனும் என்றால் அது மளிகைக் கடைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம்தான் மேல்.

விற்பனையாளர்கள் எல்லாருமே ‘சில்வர் பவுச்’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று உண்மையான அலுமினிய ஃபாயில்: வெளியே 12 மைக்ரான் பெட் (PET என்ற பாலியஸ்டர் படலம்), நடுவே 7 முதல் 9 மைக்ரான் ஃபாயில், உள்ளே 70 மைக்ரான் அளவில் பாலிதீன். மற்றது மெட்டலைஸ்டு: பெட் படலத்தின் மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசியது. கையில் வாங்கினால் வித்தியாசம் தெரியாது. இருட்டறைக்குள் போய் மொபைல் டார்ச்சைப் பைக்குள் விட்டு வாயை மூடிப் பாருங்கள். மெட்டலைஸ்டு பை முழுவதும் மங்கலாக ஒளிரும். ஃபாயில் பை கறுப்பாகவே நிற்கும். மடிப்புகளில் மட்டும் அங்கங்கே ஊசிமுனை போல ஓரிரு புள்ளிகள் தெரியலாம். மடிப்பில் ஒன்றிரண்டு புள்ளி தெரிந்தால் கவலையில்லை. கோடாகவே தெரிந்தால் அந்தப் பையைத் திருப்பி அனுப்புங்கள்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. 38 டிகிரி வெப்பம், 90 விழுக்காடு ஈரப்பதம் என்ற சோதனை நிலையில், சாதாரண மெட்டலைஸ்டு படலம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் 1 கிராம் நீராவியை உள்ளே விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் மாட்சா பிடிக்கும் நிற்கும் பையின் பரப்பு சுமார் 0.04 சதுர மீட்டர். மூன்று மாதத்தில் அது 3.6 கிராம் ஆகிறது. நம் வீட்டு அறை அந்தச் சோதனை நிலையைவிட எவ்வளவோ மேல்; அங்கே கசிவு மூன்றில் ஒரு பங்குதான் என்று வைத்தாலும் ஒரு கிராமுக்கு மேல் ஈரம் ஏறிவிடும். 30 கிராம் தூளில் தொடக்கத்தில் இருக்கும் ஈரமே ஒன்றரை கிராம் அளவுக்குத்தான். ஃபாயில் பையில் இந்தக் கசிவு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆகவே ஃபாயிலில் கைவைத்துச் செலவைக் குறைக்காதீர்கள்.

தகர டப்பா அழகாக இருக்கும், வெளிச்சத்தையும் முழுக்க மறைக்கும். ஆனால் மேலிருந்து அழுத்தி மூடும் டப்பா காற்றுப் புகாதது அல்ல. உள்ளே சீல் செய்த ஃபாயில் பை இருந்தால்தான் அது வேலை செய்யும். பரிசுப் பெட்டி போல உயர்ந்த விலையில் விற்கத் திட்டம் இருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆர்டருக்கு அது தேவையில்லை.

இடையில் ஒன்று. பவுச் விற்பவர்கள் வால்வு வைத்த பையைக் காட்டி, ‘காப்பிக்கெல்லாம் இதைத்தான் எடுக்கிறார்கள்’ என்பார்கள். வறுத்த காப்பிக்கொட்டை நாள்கணக்கில் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். அது வெளியேற வழியில்லாவிட்டால் பை உப்பும். அதற்காகத்தான் வால்வு. மாட்சாவிலிருந்து எந்த வாயுவும் வருவதில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஓர் ஓட்டையை.

அளவைப் பற்றி. ஒரு கிண்ண மாட்சாவுக்குச் சுமார் 2 கிராம் தூள். 30 கிராம் பை என்றால் பதினைந்து கிண்ணம். தினமும் குடிப்பவருக்கு இரண்டு வாரம். பையைத் திறந்த நிமிடத்திலேயே உங்கள் ஃபாயிலின் வேலை பாதி முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை ஜிப்பரைத் திறக்கும்போதும் நம் சமையலறைக் காற்று உள்ளே போகிறது. 100 கிராம் பை கிராம் விலையில் மலிவாகத் தெரியும். ஆனால் அடியில் இருக்கும் கடைசி 40 கிராம் கட்டி தட்டிப் பழுப்பேறும், அந்தப் பழி உங்கள் பிராண்டின் மேல் விழும். வீட்டு உபயோகத்துக்கு 30 கிராம், முதல் முறை சுவைத்துப் பார்ப்பவருக்கு 2 கிராம் குச்சி பாக்கெட் சில அடங்கிய பெட்டி, நுங்கம்பாக்கம், பெசன்ட் நகர் பக்கத்து காபி கடைகளுக்கு 250 கிராம். இப்படித்தான் நான் தொடங்குவேன். கடைக்காரர் ஒரு வாரத்தில் 250 கிராமை முடித்துவிடுவார், அவருக்குப் பெரிய பை ஆபத்தில்லை.

அடுத்தது எங்கே அடைப்பது என்பது. ஜப்பானிலேயே உங்கள் பெயர் போட்ட பையில் அடைத்துத் தரும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோ ஃபாயில் பைகளில் வாங்கி இங்கே பிரித்து அடைப்பது இன்னொரு வழி. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தேயிலைக்கு அடிப்படை இறக்குமதி வரியே 100 விழுக்காடு. வரி போடும் மதிப்பில் பேக்கிங் செலவும் சேரும். அதாவது அங்கே அழகான டப்பாவில் அடைத்து வாங்கினால் அந்த டப்பாவுக்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள். செலவு கணக்குப்படி இங்கே அடைப்பதுதான் லாபம். தரத்தின் கணக்கு வேறு.

இங்கே அடைப்பதில் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஒன்று சீல். மாட்சா புகைபோலப் பறக்கும் தூள். நிலைமின்சாரத்தால் பையின் வாய்ப்பகுதியில் உள்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் சீல் எந்திரத்தின் சூடான தாடை இறங்கினால் பாலிதீனுக்கும் பாலிதீனுக்கும் நடுவே பச்சைத் தூள் சிக்கி, பார்வைக்கு ஒட்டியது போலிருந்தும் காற்று போகிற மெல்லிய வழி உண்டாகிவிடும். சீலை விரலால் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் பச்சைக் கோடு தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் சந்தேகப்பட வேண்டும். நீண்ட மூக்குள்ள புனல் வைத்து நிரப்புவது, வாயைத் துடைத்துவிட்டுச் சீல் செய்வது, சீல் அகலத்தை 8 முதல் 10 மில்லிமீட்டராக வைப்பது ஆகியவை எளிய மருந்து. தண்ணீருக்குள் பையை அமிழ்த்தி வெற்றிடம் ஏற்றிக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் சிறு கருவி இருந்தால், தொகுதிக்குச் சில பைகளைச் சோதித்துவிடலாம்.

இன்னொன்று வாசனை. சென்னையைச் சுற்றியுள்ள ஒப்பந்தப் பேக்கிங் கூடங்களில் பெரும்பாலானவை மசாலாப் பொடி அடைப்பவை. காலையில் சாம்பார் பொடி ஓடிய திருகு நிரப்பியில் மாலையில் உங்கள் மாட்சா ஓடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்வதில் தேயிலைக்கு நிகரில்லை. வாசனையோடு நின்றாலும் பரவாயில்லை. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். அது ஓடிய எந்திரத்தில் உங்கள் தூளும் ஓடினால் ஒவ்வாமை எச்சரிக்கை போட வேண்டிய நிலை வந்துவிடும். தனி எந்திரம் இல்லாத இடத்தில் அடைக்காதீர்கள். ஏசியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் உள்ள சிறு அறை ஒன்று, சுத்தமான தராசு, கை சீலர் ஆகியவை போதும். மாதம் சில நூறு பைகளுக்கு அதுவே மேல். குளிரறையிலிருந்து எடுத்த ஒரு கிலோ பையை உடனே பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரிக்காவிட்டால் நம் காற்றின் ஈரம் தூள்மேல் பனித்துவிடும். இதையே உங்கள் லேபிளிலும் வாடிக்கையாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பைக்குள் இருக்கும் காற்றை விரட்ட நைட்ரஜன் வாயு அடிப்பது பற்றிக் கேட்பீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, ஆக்சிஜன் குறைந்தால் நிறமும் மணமும் நீடிக்கும் என்பது. அதை நைட்ரஜன் மட்டுமே செய்துவிடும் என்பது சந்தேகம். தூளின் துகள்களுக்கு இடையே சிக்கிய காற்றை மேலே ஊதும் வாயு முழுதாக விரட்டாது. சிறிய பையில் ஆக்சிஜன் உறிஞ்சி ஒன்றைப் போடுவதே எனக்கு நம்பிக்கையான வழி. வாங்கும்போது, உலர்ந்த பொருளுக்கானது, தன் ஈரத்தைத் தானே கொண்டது என்று கேட்டு வாங்குங்கள். மற்ற இரும்புத் தூள் ரகம் சுற்றிலும் ஈரம் இல்லாவிட்டால் வேலை செய்யாது. சிலிகா ஜெல் போடுவதா என்பதில் துறையிலேயே இரண்டு கருத்து உண்டு. பை ஃபாயிலாகவும் சீல் நன்றாகவும் இருந்தால் அதற்கு உள்ளே வேலை குறைவு என்பது என் கட்சி.

இப்போது அச்சு. வண்ணப் பையை கிராவூர் முறையில் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். ஆலைகள் கிலோ கணக்கில்தான் ஆர்டர் எடுப்பார்கள். நான் மேலே சொன்ன 30 கிராம் பை ஒன்றின் எடை சுமார் 5 கிராம். 200 கிலோ ஃபிலிம் என்று ஒப்புக்கொண்டால் சேதாரம் போக 35,000 பைகள் வந்து இறங்கும். மாதம் 300 பை விற்றால் ஒன்பது வருடத்துக்கு மேல் வரும். அதற்குள் உங்கள் முகவரி, உரிம எண், அடைப்பவர், ஏன், பிராண்டின் பெயரே மாறிவிடும். லேபிள் விதிகளையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவ்வப்போது திருத்துகிறது. அதனால் வெற்று மேட் கறுப்பு ஃபாயில் பையைச் சில ஆயிரம் வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டுங்கள். டிஜிட்டல் அச்சில் சில நூறு பைகளும் அடித்துத் தருகிறார்கள். ஒரு பைக்கு விலை கூடுதல், முடங்கும் பணம் குறைவு.

ஸ்டிக்கர் காகிதத்தில் வேண்டாம். வாடிக்கையாளர் பையைக் குளிர்பெட்டியில் வைத்து எடுக்கும்போது வேர்த்து, இரண்டே நாளில் ஓரம் சுருண்டுவிடும். படலத்தில் அச்சடித்த ஸ்டிக்கராகக் கேளுங்கள். விலை, தொகுதி எண், தேதி ஆகியவற்றை நிரந்தர அச்சில் சேர்க்காமல், கடைசியில் அச்சிட வெற்றிடம் விடுங்கள். 2024 இலையுதிர்காலத்தில் தேவை எகிறியதால் ஜப்பானின் பழம்பெரும் தேயிலை நிறுவனங்களே விற்பனைக்கு உச்சவரம்பு வைத்தன. அதன்பின் விலையும் ஏறியது. உங்கள் கொள்முதல் விலை ஒவ்வொரு முறையும் மாறும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். மை எதுவானாலும், உணவுப் பை அச்சு மைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15495-க்கு உட்பட்டது என்று எழுதி வாங்குங்கள். வந்த பையை ஒரு நாள் மூடி வைத்துத் திறந்து முகருங்கள். பெயின்ட் வாடை வந்தால் அது உங்கள் தேநீரிலும் வரும்.

லேபிள் சட்டம் மிரட்டுவது போலிருந்தாலும் பட்டியல் தெளிவானது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளும், எடையளவுத் துறையின் 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளும்தான் முக்கியம். பொருளின் பெயர், நிகர எடை, பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், ஆணையத்தின் சின்னத்தோடு 14 இலக்க உரிம எண், உங்கள் பெயர் முகவரி, அடைப்பவர் வேறு என்றால் அவருடையதும், இறக்குமதியாளர், எந்த நாட்டுப் பொருள், தொகுதி எண், அடைத்த தேதி, பயன்படுத்தும் கடைசித் தேதி, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கான விலை, புகார் சொல்லத் தொலைபேசியும் மின்னஞ்சலும். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருப்பது கட்டாயம். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், முரண்படக் கூடாது, அவ்வளவுதான். கலக்கும் முறையையும் சேமிக்கும் முறையையும் தமிழில் போடும்படி நான் எல்லாரிடமும் சொல்வேன். 2 கிராம் குச்சி பாக்கெட்டில் இடமில்லாததற்குச் சட்டம் விலக்குத் தருகிறது. விடுபட்டவை எல்லாம் வெளிப்பெட்டியில் இருக்க வேண்டும்.

போடக் கூடாதவை இதைவிட முக்கியம். எடை குறையும், சர்க்கரை கட்டுப்படும், புற்றுநோய் அண்டாது என்ற எதுவும் வேண்டாம். 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் அதற்கு இடம் தரவில்லை. ‘ஆர்கானிக்’ என்று எழுத இந்தியச் சான்று வேண்டும். ஜப்பானியச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே நீங்களாகவே அந்தச் சொல்லை அச்சடித்துவிட முடியாது. ‘செரிமோனியல் கிரேடு’ என்பதற்கு ஜப்பானில் சட்ட வரையறை எதுவும் இல்லை, அது விற்பனைச் சொல். அதைவிட உஜி, நிஷியோ, ககோஷிமா, யாமே என்று எந்த வட்டாரத்து இலை, எந்தப் பருவத்துப் பறிப்பு என்று ஆவணத்தோடு சொன்னால் வாங்குபவருக்குப் பயன்.

கடைசித் தேதியை எப்படி முடிவு செய்வது? ஜப்பானில் திறக்காத பைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போடுவது வழக்கம். அந்தக் கணக்கு அவர்கள் அடைத்த நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் இங்கே பிரித்து அடைத்ததால் தூள் புதிதாகிவிடாது. அடைத்த பைகளில் சிலவற்றை உறைநிலையிலும், சிலவற்றை ஏசி அறையிலும், சிலவற்றைச் சமையலறை மேலடுக்கிலும் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிரித்து, வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கம் தடவிப் பாருங்கள். உறைநிலைத் தூளோடு நிற வித்தியாசம் பளிச்சென்று தெரிகிற நாளுக்கு முன்பே உங்கள் தேதி முடிய வேண்டும். ஆய்வகத்தில் வெப்பம் ஏற்றி விரைவுச் சோதனை செய்து தருவார்கள். அது பையின் திறனைக் காட்டும்; அங்கே நான்கு வாரம் என்றால் வெளியே இத்தனை மாதம் என்ற மாற்றுக் கணக்கை மாட்சாவின் நிறத்துக்கு நான் நம்புவதில்லை. இறக்குமதியில் இன்னொரு கட்டுப்பாடு: சுங்கத்தைத் தாண்டும்போது ஆயுளில் 60 விழுக்காடு, அல்லது காலாவதிக்கு மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அதுவாவது மீதி இருக்க வேண்டும்.

பெயரை அச்சடிக்கும் முன் கிண்டியில் உள்ள வணிகச்சின்னப் பதிவகத்தில், தேயிலை அடங்கும் 30ஆம் வகுப்பில் விண்ணப்பித்துவிடுங்கள். அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி பிராண்ட் உரிமையாளருக்கும் இறக்குமதியாளருக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்யும் பொறுப்பு உண்டு. சிறு, குறு நிறுவனங்களுக்குத் தனி ஏற்பாடு இருப்பதால் உங்கள் உத்யம் பதிவோடு (சிறு, குறு நிறுவனத்துக்கான அரசுப் பதிவு) கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வியின் கடைசி வரியில் சர்க்கரையும் பால் பவுடரும் கலந்த மாட்சா லாத்தே கலவையும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே பையில், அதே ஸ்டிக்கரில் கூடாது. பால் சேர்ந்ததுமே ஒவ்வாமைக் குறிப்பு, சேர்மானப் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை எல்லாம் கட்டாயமாகிவிடும்; பால் கொழுப்பு சிக்கெடுக்கும், சர்க்கரை ஈரத்தை இழுக்கும், உரிமத்தில் உணவு வகையும் வேறு. தனி மாட்சா ஆறு மாதம் விற்று, எந்த அளவு பை நகர்கிறது என்று தெரிந்த பிறகு எழுதுங்கள். அந்தக் கலவைக்கான பையின் அடுக்கைப் பற்றி அப்போது பேசலாம்.